நாவல்பழமும் தக்காளி ரசமும்

கோயம்புத்தூர்
புதன்கிழமை மதியம்

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் தடவையாக வாசலில் கோலம் போட்டேன் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனால் குனிந்து போட்டாயா, ஸ்டூலில் உட்கார்ந்து போட்டாயா என்பதை மட்டும் விட்டுவிட்டாய். உன்னைத் தெரியும், அதனால்தான் கேட்கிறேன். சின்னவளுக்கு வரன் பார்ப்பதை நிறுத்தியதும் நல்லதுதான். அவளே பார்த்துக்கொள்வாள்.

அப்புறம் அந்தக் கடைசி வரி. "காபி போட மெஷின் வாங்கியிருக்கிறாயாமே, பித்தளை ஃபில்டருக்கு என்ன கேடு?" யார் சொன்னது என்று கேட்க மாட்டேன், என் நாத்தனாரைத் தவிர வேறு யார். கேடு ஒன்றும் இல்லை. காலையில் இவருக்கு இன்னும் அதில்தான் டிக்காஷன் இறங்குகிறது. இந்த எஸ்பிரஸ்ஸோ மெஷின் எனக்கு மட்டும், அதுவும் பதினோரு மணிக்கு மேல். ரிட்டயர் ஆகி ஒரு வருஷம் ஆகியும் பதினோரு மணி ஆனால், மூன்றாம் பீரியட் முடிந்து ஸ்டாஃப் ரூமுக்கு வந்த மாதிரி கை எதையாவது தேடுகிறது. விலையை எழுத மாட்டேன். எழுதினால் அதற்கு எத்தனை கிராம் தங்கம் வரும் என்று நீ கணக்குப் போடுவாய்.

பிசிக்ஸ் டீச்சர் புத்தி போகவில்லை, கொஞ்சம் பொறுத்துக்கொள். நம் ஃபில்டரில் தண்ணீர் தன் பாரத்திலேயே சொட்டுச் சொட்டாக இறங்கும், அரை மணி நேரம் ஆகும். இதில் ஒரு பம்பு 93 டிகிரித் தண்ணீரை 9 பார் அழுத்தத்தில் தூளுக்குள் தள்ளுகிறது. 9 பார் என்றால், சுமார் 90 மீட்டர் உயரத் தண்ணீருக்கு அடியில் இருக்கிற அழுத்தம். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானம் 66 மீட்டர். அதன் தலையில் ஒரு எட்டு மாடி அபார்ட்மென்ட்டை ஏற்றி வைத்து, அத்தனை உயரமும் தண்ணீர் என்று நினைத்துக்கொள். உள்ளே 18 கிராம் தூள், வெளியே 36 கிராம் காபி, 25 முதல் 30 விநாடி. அவ்வளவுதான் விஷயம். மேலே தேன் நிறத்தில் ஒரு படலம் நிற்கும், கிரெமா என்பார்கள். கொட்டையை வறுக்கும்போது உள்ளே மாட்டிக்கொண்ட கார்பன் டை ஆக்சைடு, அழுத்தத்தில் வெளியே வந்து எண்ணெயோடு சேர்ந்து இப்படி நுரைக்கிறது. மிலானில் அகில்லே காஜ்ஜியா என்பவர் 1948-இல் கைப்பிடி வைத்த மெஷினில் இதை முதலில் கொண்டுவந்தபோது, காபி மேல் இது என்ன அழுக்கு நுரை என்று ஜனங்கள் முகம் சுளித்தார்களாம். அது காபியின் இயற்கையான கிரீம் என்று மெஷின் மேலேயே எழுதி வைக்க வேண்டியிருந்தது. நீயும் அந்தக் கட்சியில்தான் சேர்ந்திருப்பாய்.

பால் நுரைக்கிற குழாயும் இதில் உண்டு. டபராவில் நீ ஆற்றுகிற ஆற்றைப் பார்த்தவளுக்கு அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

முதல் நாள் கடையில் அரைத்து வைத்திருந்த ஃபில்டர் தூளையே போட்டுப் பார்த்தேன். எட்டு விநாடியில் கப் நிறைந்து வழிந்தது. 1983-இல் மெஸ் காபிக்குக் 'கழுநீர்' என்று பேர் வைத்தோமே, அதே நிறம், அதே ருசி. தூள் பெருவெட்டாக இருந்தால் தண்ணீருக்குத் தடையே இல்லை, ஓடிவிடுகிறது. சரி, மிக்ஸியில் நைஸாக அடிப்போம் என்று அடித்தேன். மிக்ஸி பிளேடு அரைக்காது, வெட்டும். பாதி மாவு, பாதி நொய். தண்ணீர் நொய் இருக்கிற பக்கமாக ஓட்டை போட்டுக்கொண்டு பீறியது, நைட்டி முழுக்கக் கறை. இதற்குச் சேனலிங் என்று பேர். வரப்பில் நண்டு வளை இருந்தால் மடைத் தண்ணீர் என்ன பண்ணும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே மெஷினுக்கு அடுத்தபடி ஒரு கை கிரைண்டர் வாங்கினேன். உள்ளே கூம்பு மாதிரி எஃகுப் பல், அதைச் சுற்றி எஃகு வளையம். நடுவில் இருக்கிற இடைவெளியை ஒவ்வொரு கிளிக்காகக் கூட்டலாம், குறைக்கலாம். ஒரு கிளிக் திருப்பினால் காபி இறங்குகிற நேரம் நாலைந்து விநாடி மாறுகிறது. வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில் உட்கார்ந்துகொண்டு, தினமும் ஒரு நிமிஷம் கையால் சுற்றுகிறேன் என்று இவர் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். அரைக்கும் முன் கொட்டையில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துக் குலுக்க வேண்டும். இல்லாவிட்டால் உராய்வு மின்சாரத்தில் தூள் மேடை முழுவதும் ஒட்டிக்கொள்கிறது. முப்பது வருஷம் கண்ணாடிக் கோலைப் பட்டுத் துணியில் தேய்த்து நடத்திய பாடம், அடுப்படியில் வந்து நிற்கிறது. அரைத்ததை மெஷினோடு வருகிற சல்லடைக் கிண்ணத்தில் கொட்டி, கார்க்கில் குத்திய நாலு மெல்லிய ஊசியால் கட்டியில்லாமல் கிளறி, சமமாக அமுக்கி, மெஷினில் மாட்ட வேண்டும். பழைய பிராக்டிகல் ரெக்கார்டு நோட்டு ஒன்றில் எல்லாம் குறித்து வைக்கிறேன். தூள் எவ்வளவு, எத்தனை விநாடி, புளிப்பா, கசப்பா. புளித்தால் அடுத்த நாள் இன்னும் நைஸாக அரை, கசந்தால் கொஞ்சம் பெருவெட்டாக அரை, இவ்வளவுதான் சூத்திரம். இதைப் பிடிக்க எனக்கு ஒன்றரை மாதம் ஆனது, இரண்டு கிலோ கொட்டை போனது.

தண்ணீர்க் கதையைச் சொல்லாவிட்டால் கடிதம் முடியாது. சிறுவாணித் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். என் கல்யாணத்துக்கு வந்தபோது ஒரு கேன் பிடித்து ரயிலில் கொண்டுபோனவள் நீ. உப்பே தெரியாத தண்ணீர், மெஷினுக்கு அமிர்தம். போன மே மாதம் குழாயில் தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு தடவை என்று ஆனதும், சோம்பல்பட்டு போர் தண்ணீரை ஊற்றினேன். ஆறே வாரம். நீராவிக் குழாய் அடைத்து, பம்பு முனக ஆரம்பித்தது. ரிப்பேர் கடைக்காரர் திறந்துகூடப் பார்க்காமல் பாய்லரையே மாற்ற வேண்டும் என்றார். தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இட்லிப் பானை அடியில் வெள்ளையாகப் படியுமே, அதேதான் உள்ளேயும் படிந்திருந்தது. எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றி, ஊறவைத்து, மூன்று தடவை அலசியதும் சரியாகிவிட்டது. அதற்கப்புறம் பயந்து ஆர்.ஓ. தண்ணீருக்குப் போனேன். அதில் காபி சப்பென்று இருக்கிறது. தண்ணீரில் கொஞ்சமாவது கால்சியம், மெக்னீசியம் இருந்தால்தான் கொட்டையிலிருந்து ருசி பிரிந்து வருகிறது. இப்போது சிறுவாணியைத் தனியாக இரண்டு குடத்தில் பிடித்து வைக்கிறேன், சாமிக்கு வைக்கிற மாதிரி.

சரி, உனக்கு எழுத வேண்டும் என்று நான் நினைத்திருந்தது இதற்கப்புறம்தான் வருகிறது.

இந்தக் காபிக் கொட்டைப் பாக்கெட்டுகளில் ருசி எழுதி வருகிறது. ப்ளூபெர்ரி, பெர்கமோட், பிளாக் கரண்ட், ஸ்டோன் ஃப்ரூட். ஸ்டோன் ஃப்ரூட் என்றால் உள்ளே கல் மாதிரிக் கொட்டை இருக்கிற பழமாம். நான் கல்லைச் சுவைக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். மாதக்கணக்கில் குடித்தும் ஒரு ப்ளூபெர்ரியும் எனக்குத் தட்டுப்படவில்லை. நாக்குதான் மரத்துவிட்டது, வயசாகிவிட்டது என்று உள்ளுக்குள் வருத்தம்.

தம்பி மகன் நைரோபியிலிருந்து கால் கிலோ கொண்டுவந்தான். எஸ்.எல்.28 என்ற ரகம், 1930-களில் அங்கே ஸ்காட் ஆய்வகத்தில் தேர்ந்தெடுத்தது. பாக்கெட்டில் பிளாக் கரண்ட் என்று போட்டிருந்தது. அதைச் சாக்காக வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு காபியை வரிசையாக வைத்துப் பார்த்தேன். இதற்கு மெஷின் வேண்டாம். நாலு எவர்சில்வர் டம்ளர், ஒவ்வொன்றிலும் 10 கிராம் தூள், மேலே 180 மில்லி சுடுதண்ணீர். எந்த டம்ளரில் எது என்று எனக்குத் தெரியாதபடி இவர் அடியில் பிளாஸ்திரி ஒட்டி நம்பர் போட்டார். நாலு நிமிஷம் தொடக் கூடாது. தூள் மேலே மிதந்து ஏடு கட்டும். அப்புறம் மூக்கைக் கிட்டே வைத்துக்கொண்டு ஸ்பூனால் அந்த ஏட்டை உடைக்க வேண்டும். உடைக்கிற அந்த நொடியில் அடைபட்டிருந்த ஆவி மூஞ்சியில் அடிக்கும் பார், குடிப்பதைவிட அதுதான் எனக்குப் பிடித்தது. நுரையை வழித்துப் போட்டு, கொஞ்சம் ஆறியதும் ஸ்பூனில் எடுத்து உர்ரென்று உறிஞ்ச வேண்டும். சத்தம் வர வேண்டும், அப்போதுதான் காபி சிதறி வாய் முழுக்கப் பட்டு, வாசனை உள்பக்கமாக மூக்குக்குப் போகும். பாயசத்தை உறிஞ்சியதற்கு அம்மா தலையில் குட்டியது ஞாபகம் வந்தது.

மூன்றாம் டம்ளரை உறிஞ்சியதும் நிறுத்திவிட்டேன். துவர்ப்பும் புளிப்பும் இனிப்புமாக நாக்கின் இரண்டு ஓரமும் இழுத்துப் பிடித்தது. நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்க்கத் தோன்றியது, ஊதா ஆகியிருக்கிறதா என்று. நாவல்பழம், ராஜி! உப்புப் போட்டுக் குலுக்கிய நாவல்பழம். பத்து நிமிஷம் கழித்து ஆறினதை மறுபடி எடுத்தால், சத்தியமாகச் சொல்கிறேன், தக்காளி ரசம். இவரைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். "பெருங்காயம் மட்டும் குறைகிறது" என்றார். அடியைத் திருப்பிப் பார்த்தால் நைரோபி. நான் ஜென்மத்தில் பிளாக் கரண்ட் தின்றதில்லை. தின்னாத பழத்தை நாக்கு எங்கே போய்த் தேடும்?

அதற்கப்புறம் பாக்கெட்டைப் படிப்பதை விட்டுவிட்டேன். நோட்டில் என் பாட்டுக்கு எழுதுகிறேன். நாரத்தை இலை, இலந்தை வடை, வறுத்த உளுந்து, ஜாதிக்காய், பாகு முறுகிய வாசனை. எஸ்.795 என்று நம் பக்கத்து ரகம் ஒன்று, சிக்மகளூர்ப் பக்கம் பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1940-களில் வந்தது. அதில் புளியும் வெல்லமும் சேர்ந்து கொதிக்கிற வாசனை அப்படியே இருக்கிறது. புளி இஞ்சி கிண்டும்போது கடைசியில் வருமே, அது. மான்சூன் மலபார் என்று இன்னொன்று. அந்தக் காலத்தில் பாய்மரக் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றி ஐரோப்பா போய்ச் சேர மாதக்கணக்காகும். கடல் ஈரத்தில் கொட்டை ஊதி வெளுத்துவிடும், அங்கே உள்ளவர்களுக்கு அந்த ருசியே பழகிவிட்டது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்து பயணம் குறைந்ததும் கொட்டை பச்சையாகவே போய்ச் சேர்ந்தது, ருசி போச்சு என்று புகார். அதனால் இன்றைக்கும் மேற்குக் கடற்கரைக் கிடங்குகளில் மழைக்காலம் முழுக்கக் காற்றாடப் பரப்பி வைத்து, வேண்டுமென்றே ஊதவைக்கிறார்கள். புளிப்பே இல்லை. மழை நாளில் பரணைத் திறந்தால் வருகிற வாசனை. எனக்கு ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. இவருக்கு நாலில் அதுதான் பிடித்தது. "இதுதான் காபி மாதிரி இருக்கிறது."

நாலாவது, தாண்டிக்குடி. மார்ச் கடைசியில் கொடைக்கானல் கீழ்மலைக்குப் போயிருந்தோம். அதற்கு முந்தைய வாரம் மழை பெய்திருந்ததால் தோட்டம் முழுக்கக் காபி பூத்திருந்தது. கிளை தெரியாமல் வெள்ளை, மல்லிகை வாசனை. மேலே மரநிழல், ஊடே மலைவாழை, ஆரஞ்சு, மரத்தைச் சுற்றி மிளகுக் கொடி. ஹாஸ்டலிலிருந்து வருஷா வருஷம் பழனிக்குப் போனோமே, தலைக்கு மேலே அந்த மலையில் காபி விளைகிறது என்று நமக்கு யாராவது சொன்னார்களா? அங்கே வாங்கிய கொட்டையை எந்த வரிசையில் வைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு இரண்டாம் டம்ளர்தான் தாண்டிக்குடி என்று சத்தியம் பண்ணினேன். அது எஸ்.795. இவர் அந்த வாரம் முழுவதும் சாம்பாரைக் கொண்டுவந்து வைத்தால்கூட, "இது எந்த எஸ்டேட்?" என்று கேட்டார்.

உன் தூளை மட்டம் என்று சொல்கிறேனோ என்று நினைக்காதே. பாதி பீபெர்ரி, பாதி ரோபஸ்டா, அதில் சிக்கரி, மேலே தண்ணீர் காட்டாத பசும்பால், அது வேறு சமாசாரம். அதற்கு ஒன்றும் பண்ண வேண்டாம். உன் வீட்டுத் திண்ணையில் அதைக் குடிக்கத்தான் தை மாதம் வரப்போகிறேன்.

அடுத்த வாரம் மாப்பிள்ளை தஞ்சாவூர் வரும்போது கால் கிலோ கொட்டை கொடுத்தனுப்புகிறேன். போன ஞாயிறு வறுத்தது. வறுத்த கொட்டை கொஞ்ச நாளைக்கு வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும், அதனால் பத்து நாளாவது பாக்கெட்டைப் பிரிக்காதே. எந்த ஊர், என்ன ருசி என்று ஒட்டியிருந்த லேபிளை நானே கிழித்துவிட்டேன். பாலும் சர்க்கரையும் சேர்க்காமல் ஒரு நாள், ஒரே ஒரு நாள், டிக்காஷனில் சுடுதண்ணீர் விட்டுக் குடித்துப் பார்த்து, உனக்கு என்ன பழம் தெரிகிறது என்று எழுது. 'கஷாயம்' என்று மட்டும் எழுதி அனுப்பினால் அடுத்த கடிதம் கிடையாது.

மிக்ஸியில் அரைக்காதே. உங்கள் தெரு முனைக் காபித்தூள் கடையில் கொடுத்து, ஃபில்டருக்கு என்று சொல்லி அரைத்துக்கொள். பக்கத்திலேயே நில். முதலில் ஒரு பிடியைப் போட்டு அரைத்து வெளியே தள்ளச் சொல், இல்லாவிட்டால் மெஷினில் ஏற்கெனவே ஒட்டியிருக்கிற அடுத்தவர் வீட்டுச் சிக்கரியும் சேர்ந்து வரும். பழக்கதோஷத்தில் கடைக்காரர் தானாகவே ஐம்பது கிராம் சிக்கரியைத் தட்டிவிடுவார், அவர் கையைப் பார்த்துக்கொண்டே இரு.

அன்புடன்,
வசந்தா