முதல் ஸ்லாட் யாருக்கு?

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன், அப்புறம் வீட்டுக்கு வெள்ளையடிப்பு என்று நாள் ஓடிவிட்டது. அம்மாவுக்கு இப்போது பார்வை நன்றாகத் தெரிகிறது. கட்டுப் பிரித்ததும் முதல் வேலையாக, எனக்கு நரை கூடிவிட்டது என்று சொன்னாள்.

ஸ்டுடியோவுக்குச் சொந்தமாக ஸ்டோரேஜ் சர்வர் கட்டப்போகிறாய் என்றதும் நிம்மதியாக இருந்தது. ஊரார் கல்யாண வீடியோவை எல்லாம் அட்டைப்பெட்டியில் ஹார்ட் டிஸ்க்காக அடுக்கி வைத்திருக்கிறாயே, நினைத்தாலே வயிற்றைக் கலக்கும். ஆனால் மதர்போர்டில் நீளமான ஸ்லாட் (கார்டு சொருகும் இடம்) மூன்று இருப்பதால் கார்டு மூன்று போடலாம் என்று எழுதியிருக்கிறாய் பார், அங்கேதான் நானும் வழுக்கி விழுந்தேன்.

என் கதையைக் கேள். ஆறு 8 டிபி டிஸ்க்கை போர்டில் இருந்த ஆறு சாட்டா போர்ட்டிலும் (டிஸ்க் ஒயர் மாட்டும் இடம்) சொருகி, எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகச் சேர்க்கும் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் ரெய்டு-இசட்2 ஆக ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எஸ்எஸ்டியை நேராக போர்டிலேயே மாட்டும் எம்.2 இடங்களில் காலியாகக் கிடந்த இரண்டாவதில் ஒரு எஸ்எஸ்டியைப் போட்டு ஆன் செய்தேன். இரண்டு டிஸ்க்கைக் காணவில்லை. ரெய்டு-இசட்2 இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும், மூன்றாவது போனால் எல்லாம் போச்சு. கை நடுங்கியது. ஒயரைக் கழற்றி மாட்டினேன், பவர் சப்ளையைச் சந்தேகப்பட்டேன், அவசர அவசரமாகப் புது டிஸ்க் ஒன்று ஆர்டர் செய்தேன். இரண்டு நாள் கழித்துதான் போர்டின் கையேட்டைத் திறந்தேன். பொடி எழுத்தில் ஒரு வரி: இரண்டாவது எம்.2-வில் எஸ்எஸ்டி இருந்தால் 5, 6-ஆம் சாட்டா போர்ட் வேலை செய்யாது. சிப்செட்டிலிருந்து (மற்ற பாகங்களைப் பிராசஸரோடு இணைக்கும் சிப்) கிளம்பும் இணைப்பு ஒன்றுதான், அதற்கு வாசல் இரண்டு வைத்திருக்கிறார்கள். ஒன்றைத் திறந்தால் மற்றது சாத்திக்கொள்கிறது. டிஸ்க்குக்கு ஒரு குறையும் இல்லை.

ஸ்லாட் விஷயமும் இதே மாதிரிதான். நீளத்தைப் பார்த்து ஏமாறாதே. டார்ச் அடித்து உள்ளே பார்த்தால், பெரும்பாலும் இரண்டாவது ஸ்லாட்டில் ஊசிகள் கால்வாசியோடு நின்றிருக்கும். அதாவது பார்வைக்குப் பதினாறு லேன் (தரவு போகும் பாதை), உள்ளே நான்குதான். நீ சொன்ன பி550 போர்டில் ரைசன் 5600ஜி பிராசஸர் போட்டால், முதல் ஸ்லாட்டும் முதல் எம்.2-வும் நேராக பிராசஸருக்குப் போகும். மற்ற ஸ்லாட், சாட்டா, போர்டிலேயே இருக்கும் நெட்வொர்க் போர்ட் எல்லாம் சிப்செட் வழியாகத்தான். அந்தச் சிப்செட்டுக்கும் பிராசஸருக்கும் நடுவே இருப்பது மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் (இந்த ஸ்லாட்டுகளின் இணைப்பு முறை) நான்கு லேன், நொடிக்குச் சுமார் 3.9 ஜிபி. கீழே எத்தனை பேர் இருந்தாலும் அதைத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் ஸ்லாட்டை கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்கியிருக்கிறாய். எதற்கு? சர்வருக்கு மானிட்டர் தேவைப்படுவது முதல் நாள் மட்டும்தான், அதற்கு 5600ஜி-க்குள் இருக்கும் கிராபிக்ஸ் தாராளம். முதல் பந்தியில் டிஸ்க்குகளை மாட்டும் கார்டை உட்கார வை. நான் போட்டிருப்பது சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பழைய எல்எஸ்ஐ 9207-8ஐ. மூன்றாம் தலைமுறை, எட்டு லேன், எட்டு டிஸ்க் மாட்டலாம். வாங்கும்போது, டிஸ்க்குகளை அப்படியே சிஸ்டத்துக்குக் காட்டும் ஐடி மோடு ஃபர்ம்வேர் ஏற்றியதா என்று கேள், இல்லையென்றால் கார்டு குறுக்கே நின்று தன் ரெய்டு வேலையைக் காட்டும். இன்னொன்று, இது சர்வர் ஃபேனின் காற்றை நம்பிச் செய்த கார்டு. சாதாரண கேபினட்டில் ஹீட்சிங்க் தோசைக்கல் மாதிரி காய்கிறது. நான் ஒரு சின்ன ஃபேனை டேக் போட்டு அதன் மேலேயே கட்டிவிட்டேன்.

அடுத்து 10 ஜி (நொடிக்கு 10 ஜிகாபிட்) நெட்வொர்க் கார்டு. அதை மூன்றாவது ஸ்லாட்டுக்குத் தள்ளியிருக்கிறாய். அது நீளமாக இருந்தாலும் உள்ளே ஒரே லேன்தான் என்று கையேட்டில் போட்டிருக்கிறது, பார்த்தேன். நீ பேசி வைத்திருக்கும் இன்டெல் எக்ஸ்520 இரண்டாம் தலைமுறைக் கார்டு, லேனுக்கு 500 எம்பி. ஒரு லேனில் போட்டால் பாதி வேகம்கூட வராது. நான்கு லேன் உள்ள இரண்டாவது ஸ்லாட்டில் போடு, 2 ஜிபி கிடைக்கும். ஒரு 10 ஜி போர்ட்டுக்கு 1.25 ஜிபி போதும்.

ஆறு போர்ட் சாட்டா கார்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்டிருந்தாய். அன்றாட வேலைக்கு வித்தியாசம் தெரியாது. மாதம் ஒருமுறை, பிழை இருக்கிறதா என்று தரவு முழுவதையும் படித்துப் பார்க்கும் ஸ்க்ரப் ஓடும்போது ஆறு டிஸ்க்கும் ஒரே நேரத்தில் படிக்கும், அப்போதுதான் தெரியும். மூன்றாம் தலைமுறை ஒரு லேனில் டிஸ்க்குக்கு 160 எம்பி சொச்சம் வரும், அது மோசமில்லை. பழைய போர்டில் இரண்டாம் தலைமுறை ஸ்லாட்டாக இருந்தால் 83. டிஸ்க்குக்கு 5 டிபி நிரம்பியிருந்தால் பதினாறு மணி நேரத்துக்கு மேல் ஓடும்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்று கேட்கிறேன்: உன் ஸ்டுடியோவில் சுவிட்ச் என்ன? அதே பழைய ஒரு ஜி சுவிட்ச் என்றால் நொடிக்கு 110 எம்பிதான் வரும், ஒற்றை டிஸ்க்கே அதை நிரப்பிவிடும். முதலில் அதை மாற்று. எடிட்டிங் செய்வது நீயும் தம்பியும் மட்டும்தான் என்றால் 2.5 ஜி-யே போதும் என்பது என் எண்ணம். பல போர்டில் அந்த போர்ட் கூடவே வருகிறது, ஸ்லாட்டும் மிச்சமாகும்.

எல்லாம் மாட்டியபின் லினக்ஸில் எல்எஸ்பிசிஐ கட்டளையை விவரமாகக் காட்டும்படி (sudo lspci -vv) போட்டு, ஒவ்வொரு கார்டுக்கும் எத்தனை லேன் கிடைத்திருக்கிறது என்று பார்த்துக்கொள். எனக்கு முதல் தடவை எட்டுக்குப் பதில் நான்கு என்று காட்டியது. கார்டைக் கழற்றி, ஊசிகளைத் துடைத்து, அழுத்திச் சொருகினேன், சரியாகிவிட்டது.

பயத்தில் வாங்கிய அந்த 8 டிபி டிஸ்க் இன்னும் கவர் பிரிக்காமல் பீரோவில் கிடக்கிறது. அடுத்த மாதம் மச்சான் மதுரை வருகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். பணம் கிணம் என்று பேசாதே, எங்கள் கல்யாண வீடியோவை அதில் காப்பி போட்டு அவனிடமே திருப்பிக் கொடு. எங்களிடம் இருந்த கேசட் பூஞ்சை பிடித்துவிட்டது.

அன்புடன்,
சுந்தரம்
கோயம்புத்தூர்