செக்குமாடாய்ச் சுற்றிய ரோபோவும் உன் பவர் பிரஸ்ஸும்

பொள்ளாச்சி

அன்புள்ள மாப்ள,

கடிதம் கிடைத்தது. இங்கே ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து வாங்கு வாங்கென்று வாங்குகிறது. தென்னையில் வேர்வாடல் இன்னும் விட்டபாடில்லை. வீட்டில் எல்லோரும் சுகம்.

தகடு அடிக்கும் உன் பவர் பிரஸ்ஸுக்குப் பீஸ் எடுத்து வைக்க ரோபோ கை ஒன்று போடப் போவதாக எழுதியிருந்தாய். "அசிமோவோட மூணு விதியையும் உள்ளே போட்டே தருவாங்களா?" என்று கிண்டலாகக் கேட்டிருந்தாலும் கேள்வி சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. அறிவியல் கதை எழுதிய அசிமோவ் தன் ரோபோக்களுக்கு வகுத்த விதிகள் அவை. போட்டுத் தர மாட்டார்கள். தந்தால்கூட வாங்காதே. ஏன் என்று அந்தக் கதைகளே சொல்கின்றன.

மூன்று விதிகளும் வரிசையாக முதன்முதலில் அச்சில் வந்தது 'ரன்அரவுண்ட்' கதையில், 1942 மார்ச் மாத 'அஸ்டவுண்டிங்' இதழில். மனிதனுக்குத் தீங்கு செய்யாதே, சும்மா இருந்து தீங்கு நேரவும் விடாதே. அதற்குக் குறுக்கே வராதவரை மனிதன் சொன்னதைக் கேள். இந்த இரண்டுக்கும் குறுக்கே வராதவரை உன்னைக் காப்பாற்றிக்கொள். படிக்கும்போது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மாதிரி இருக்கும். கதைக்குள் போனால் ஒவ்வொன்றும் ஏறி இறங்கும் அழுத்தம்.

இடம் புதன் கிரகம். நிலையத்தைச் சூரிய வெப்பத்திலிருந்து காக்கும் போட்டோசெல்லுக்குச் செலினியம் வேண்டும். பதினேழு மைல் தள்ளி ஒரு செலினியக் குட்டை இருக்கிறது. ஸ்பீடி என்ற ரோபோவிடம் நிலையத்து ஆள் டோனவன் போகிற போக்கில், "போய் எடுத்துட்டு வா" என்கிறான். அவசரம் என்று அழுத்திச் சொல்லவில்லை. ஆக, இரண்டாம் விதி கொஞ்சமாகத்தான் தள்ளுகிறது. ஸ்பீடியோ விலை கூடிய மாடல், வீணாய்ப் போகக்கூடாது என்று தயாரிக்கும்போதே மூன்றாம் விதியை முறுக்கிவிட்டிருக்கிறார்கள். குட்டையைச் சுற்றி கார்பன் மோனாக்ஸைடு. அந்தச் சூட்டில் அது இரும்பைத் தின்றுவிடும். கிட்டே போகப் போக மூன்றாம் விதி பின்னே இழுக்கிறது, விலக விலக இரண்டாம் விதி முன்னே தள்ளுகிறது. இரண்டும் சமமாகும் தூரத்தில் ஸ்பீடி குடித்தவன் மாதிரி பாட்டுப் பாடிக்கொண்டு செக்குமாடாய்ச் சுற்றுகிறது.

ஆக்ஸாலிக் அமிலத்தைச் சூடாக்கினால் கார்பன் மோனாக்ஸைடு வரும். அதை வீசி ஆபத்தைக் கூட்டி ஸ்பீடியை நம் பக்கம் விரட்டிவிடலாம் என்று டோனவனும் அவன் கூட்டாளி பவலும் பார்க்கிறார்கள். அது கொஞ்சம் நகர்ந்து, வேறொரு சமநிலையில் மறுபடி சுற்ற ஆரம்பிக்கிறது. எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம் இதுதான். எடையை எவ்வளவு மாற்றினாலும் வட்டம் இடம் மாறுமே தவிர வட்டம் போகாது. கடைசியில் பவல் தன் உயிரையே வெயிலில் பணயம் வைத்து முதல் விதியைக் கிளப்பிவிட்ட பிறகுதான் அது ஓடி வருகிறது.

பிரஸ் முன்னால் இந்தப் பேரம் ஆகாது. கை உள்ளே இருக்கிறதா, மேலிருந்து இறங்கி அடிக்கும் ஸ்லைடு நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஆர்டர் அவசரம் என்பதற்காக அது இளகக்கூடாது.

அடுத்தது 'லிட்டில் லாஸ்ட் ரோபோ', 1947. உன் ஷாப்புக்கு இதுதான் பாடப்புத்தகம். காமா கதிர் நடுவே ஆட்கள் கொஞ்ச நேரம் நின்று வேலை பார்க்க வேண்டும். அவ்வளவு நேரம் உடம்புக்கு ஒன்றும் செய்யாது. ரோபோக்களோ காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று உள்ளே பாய்ந்து, தம் மூளையைக் கருக்கிக்கொள்கின்றன. வேலை கெடுகிறதே என்று சில ரோபோக்களில் முதல் விதியின் பின்பாதியை, "சும்மா இருந்து தீங்கு நேர விடாதே" என்பதை, எடுத்துவிடுகிறார்கள். ரோபோ உளவியல் நிபுணர் சூசன் கால்வின் அதன் ஓட்டையைக் காட்டுகிறார்: ஒரு கனத்தை ஆளின் தலைக்கு மேலிருந்து ரோபோ கைவிடலாம், தானே பிடித்துவிட முடியும் என்று தெரிந்திருப்பதால் விதி தடுக்காது. விட்ட பிறகு பிடிக்காமலும் இருக்கலாம். அதையும் தடுக்க விதி இல்லை.

கை குறுக்கே வந்தால் பிரஸ்ஸை நிறுத்தும் ஒளித்திரையான லைட் கர்ட்டன் அடிக்கடி டிரிப் ஆகிறது, ஷிப்டுக்குப் பீஸ் குறைகிறது என்று அதைச் செயலிழக்க வைக்க பேனலில் ஜம்பர் வயர் போடுகிறார்களே, அது இதே வேலைதான். நல்ல காரணம் சொல்லித்தான் போடுவார்கள். கழற்ற மறந்துவிடுவார்கள். டிரிப் ஆனால் முதலில் லென்ஸில் எண்ணெய் படிந்திருக்கிறதா, பிராக்கெட் அதிர்ந்து அலைன்மென்ட் போயிருக்கிறதா என்று பார். பெரும்பாலும் துணியும் ஸ்பேனரும் போதும்.

கர்ட்டனை எங்கே மாட்டுவது என்று கேட்டிருந்தாய். கர்ட்டனின் ஒளியைக் கை மறித்ததிலிருந்து ஸ்லைடு முழுதாக நிற்கும்வரை ஆகும் நேரத்தை அளந்துகொள். கை வரும் வேகத்தை விநாடிக்கு 2000 மி.மீ. என்று வைத்துப் பெருக்கு. வருவதுதான் ஆபத்தான இடத்திலிருந்து கர்ட்டன் இருக்க வேண்டிய தூரம். 14 மி.மீ. தடிமன்வரை கண்டுபிடிக்கும் ரெசல்யூஷன் உள்ள கர்ட்டன் என்றால் இதற்கு மேல் கூட்ட ஒன்றுமில்லை. 0.2 விநாடிக்கு 400 மி.மீ. பிரேக் லைனிங் தேய்ந்து அது 0.3 ஆகிவிட்டால்? விடை 500-ஐத் தாண்டும்போது வேகத்தை 1600 என்று வைத்துப் போடலாம். 480 வருகிறது, ஆனால் 500-க்குக் குறையக்கூடாது. போன வருஷம் சரியாக மாட்டிய கர்ட்டன் இந்த வருஷம் இருக்க வேண்டியதைவிட 100 மி.மீ. கிட்டே நிற்கும், யார் கண்ணுக்கும் தெரியாது.

இன்னொன்று, இதை மறந்துவிடாதே. உன் பழைய பிரஸ் கீ கிளட்ச் என்றால் கர்ட்டனே வீண். ஃபிளைவீலைக் கவ்வும் கீ ஒருமுறை விழுந்துவிட்டால் ஒரு சுற்று முடிந்துதான் நிற்கும். அதற்கு பீஸை அடிக்கும் அச்சான டையைச் சுற்றிக் கை நுழையாத கூண்டுதான் வழி.

ரோபோவுக்கு வேலியும் கதவு திறந்தால் அதை நிறுத்தும் இன்டர்லாக்கும் போடு. அசைவுகளைச் சொல்லிக்கொடுத்து டீச் பண்ணும்போது ரோபோவின் நுனி விநாடிக்கு 250 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. அதற்குக் கையில் பிடிக்கும் பெண்டன்ட்டின் பின்னால் மூன்று நிலை ஸ்விட்ச் இருக்கும்: நடுவில் பிடித்தால் மட்டும் ஓடும், விட்டாலும் நிற்கும், பயந்துபோய் இறுக்கினாலும் நிற்கும். பயந்தால் ஒருவன் கையை விடுவான், இன்னொருவன் இறுக்குவான் என்று யோசித்து வைத்தவனுக்கு ஒரு கும்பிடு. அதை டேப் போட்டுக் கட்டி வைக்கிற ஆளை என்ன செய்வதென்று நீயே முடிவு செய்.

ஜாக் வில்லியம்சனின் 'வித் ஃபோல்டட் ஹேண்ட்ஸ்' உன்னிடம் இருந்தால் அனுப்பு. அதுவும் 1947தான். அதில் இயந்திரங்கள் விதியை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கின்றன: மனிதனைத் தீங்கிலிருந்து காக்க வேண்டும் என்று கத்தியைக்கூடக் கையில் எடுக்க விடுவதில்லை. சுஜாதாவின் ரோபோ நாய் ஜீனோ வரும் புத்தகத்தை நீ திருப்பித் தராததும் நினைவிருக்கிறது.

ஸ்டாப் டைம் எவ்வளவு வந்தது, கிளட்ச் எந்த வகை என்று அளந்து எழுது. அட்வான்ஸ் அதற்கப்புறம் கொடுக்கலாம்.

உன் மச்சான்