டீச்சரக்காவுக்குக் கல்யாணம்

அங் மோ கியோ, சிங்கப்பூர்

அன்புள்ள தோழிக்கு,

பொங்கோலில் மகளும் பேரப்பிள்ளைகளும் நலம்தானே? இந்தச் செய்தியை போனில் சொல்ல மனம் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நம் அங் மோ கியோ புளோக்கில் ஒரு கல்யாணம். பெண் நம் டீச்சரக்கா. மாப்பிள்ளை அவருடைய பக்கத்து வீட்டு பஸ் ஓட்டுநர் அண்ணன்!

ஆமாம், அதே அண்ணன்தான். கறிவேப்பிலைத் தொட்டித் தண்ணீரில் என் சைக்கிள் செயின் துருப்பிடிக்குது என்று அவரும், பெடலில் மாட்டி என் புடவை கிழிஞ்சுபோச்சு என்று அக்காவும் காரிடாரில் நின்று கத்தியதை நீயும் கேட்டிருக்கிறாய். நீ போன பிறகு சண்டை முற்றிவிட்டது. அக்கா மகனைப் பார்க்கப் பெர்த் போயிருந்த சமயம், தொட்டிகளுக்கு அடியில் இருந்த தட்டுகளைக் காணோம். தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிட்டால் அக்காவுக்குத்தானே அபராதம் வரும் என்று அண்ணன் அவற்றைக் கழுவித் தன் வீட்டில் கவிழ்த்து வைத்திருக்கிறார். அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. திரும்பி வந்த அக்கா அவருக்கு 'தட்டுத் திருடன்' என்று பேர் வைத்துவிட்டார்.

அப்புறம் மாற்றி மாற்றி நகர மன்றத்துக்குப் புகார். ஆள் வந்து டேப் பிடித்து அளந்தார். தீப்பிடித்தால் ஓடுவதற்குக் காரிடாரில் 1.2 மீட்டர் வழி விட வேண்டுமாம். தொட்டியும் சைக்கிளும் எதிரெதிரே நின்றால் எங்கே இருக்கும் அந்த வழி? ஏதாவது ஒன்று போக வேண்டும் என்றார். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் 1998 முதல் இயங்கிவரும் சமூக மத்தியஸ்த நிலையத்துக்குப் போனார்கள். அங்கே தீர்ப்பு எதுவும் கிடையாது. தொண்டூழியர்கள் நடுவில் உட்கார்ந்து இரு தரப்பையும் பேச வைப்பார்கள்.

அங்கே நடந்ததை அக்காவே என்னிடம் சொன்னார். "தினமும் நாலரைக்குச் சைக்கிளை உருட்டி என்னை எழுப்பிவிடுகிறார். போன வியாழன் அந்தச் சத்தம் வரவில்லை. காய்ச்சலோ என்னவோ என்று அப்பவும் எனக்குத் தூக்கம் போச்சு" என்று இவர் புகார் சொல்லியிருக்கிறார். "வெள்ளிக்கிழமை இவங்க கோயிலுக்குப் போயிட்டு வந்துதான் தண்ணி ஊத்துவாங்க. அன்னைக்கு மட்டும் சைக்கிளை நான் உள்ளே வைக்க வேண்டியிருக்கு" என்று அவர். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாருமே பேசவில்லையாம்.

எனக்கு இதைக் கேட்டுக் கண் கலங்கிவிட்டது. மகன் தூர தேசத்தில், கணவர் காலமாகிப் பல வருடம். அக்காவுக்குக் காய்ச்சல் வந்தால் கவனிக்க ஒருவர் இருக்கிறாரா என்று நாம் எத்தனை முறை கவலைப்பட்டிருக்கிறோம்! ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் அவருடைய வெள்ளிக்கிழமைகளைக் கூடக் கணக்கு வைத்திருந்திருக்கிறார். புளோக்கில் சிலர் 'இந்த வயதில் தேவையா' என்கிறார்கள். தேவைதான். இந்த வயதில்தான் ரொம்பத் தேவை.

திருமணப் பதிவகத்தில் குறைந்தது 21 நாள் முன்பே தெரிவிக்க வேண்டும் என்பதால் அந்த வேலையை முடித்துவிட்டார்கள். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலில் மாலை மாற்றலாம் என்று பேச்சு.

இப்போது புதுச் சண்டை ஒன்று. கல்யாணத்துக்குப் பிறகு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு இரண்டை வைத்துக்கொள்ள முடியாது, ஆறு மாதத்துக்குள் ஒன்றை விற்றாக வேண்டும். என் வாசலில்தான் கறிவேப்பிலைக்கு வெயில் படும் என்கிறார் அக்கா. என் சமையலறை இப்போதுதான் புதுசாக்கியது என்கிறார் அண்ணன். குரல் பழையபடி காரிடார் முழுக்கக் கேட்கிறது, நடுநடுவே சிரிப்பும்.

எந்த வீடு விற்பனைக்கு வந்தாலும் நீ வாங்கிக்கொள்ளேன். ஒரு புளோக்கில் எந்த இனத்தவர் எவ்வளவு பேர் இருக்கலாம் என்று வரம்பு வைக்கும், 1989இல் வந்த இன ஒதுக்கீட்டு விதி குறுக்கே நிற்காது, இந்தியர் வீட்டை இந்தியர் வாங்கத் தடையில்லை. மகளிடம் பேசிவிட்டு எனக்குச் சீக்கிரம் எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய பக்கத்து வீட்டுக்காரி