முதலில் கை, அப்புறம் திரை

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளைகளுக்கு வேதியியலைத் திரை வழியே கற்பிப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் சொன்ன பலவும் சரிதான். ஆனால் பந்தை அணுவாகவும் குச்சியை அணுக்களை இணைக்கும் பிணைப்பாகவும் வைத்துக் கட்டும் மூலக்கூறு மாதிரிகளுக்கு இனி வேலையில்லை என்ற தொனியை, வேதியியல் கற்பிக்கும் ஆசிரியையாக என்னால் ஏற்க முடியவில்லை. முதலில் கை, அப்புறம் திரை. இந்த வரிசை மாறினால் பிள்ளைகளுக்குத்தான் இழப்பு.

வேதிச் சமன்பாட்டைச் சமப்படுத்துவதையே, அதாவது இரு பக்கமும் ஒவ்வொரு வகை அணுவின் எண்ணிக்கையையும் ஒன்றாக்குவதையே எடுத்துக்கொள்வோம். மீத்தேன் ஆக்சிஜனில் எரிந்து கார்பன் டை ஆக்சைடும் நீரும் ஆகிறது. இடப்பக்கம் நான்கு ஹைட்ரஜன், வலப்பக்கம் இரண்டுதான். தாளில் போடும் பிள்ளை என்ன செய்யும்? நீரின் வாய்பாட்டில் ஹைட்ரஜனுக்குக் கீழே இருக்கும் 2ஐ 4 ஆக்கிவிடும். எண்ணிக்கை சரியாகிவிட்டதே என்று நிம்மதியும் அடையும். ‘அப்படி மாற்றக் கூடாது’ என்று எத்தனை முறை சொன்னாலும் அது வெறும் விதியாகவே மனதில் நிற்கும். இதையே மாதிரியில் செய்யச் சொல்லுங்கள். ஆக்சிஜன் பந்தில் இரண்டே துளைகள். மிஞ்சிய இரண்டு ஹைட்ரஜனை மாட்ட இடமே இல்லை. இன்னொரு ஆக்சிஜன் அணு வேண்டும், அதற்கு இன்னொரு ஆக்சிஜன் மூலக்கூறைப் பிரிக்க வேண்டும். எந்தப் பந்தும் மிஞ்சக் கூடாது, புதிதாக எதையும் சேர்க்கவும் கூடாது என்ற ஒரே நிபந்தனை போதும். ஒரு மீத்தேனுக்கு இரண்டு ஆக்சிஜன், கிடைப்பது ஒரு கார்பன் டை ஆக்சைடும் இரண்டு நீரும் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். வாய்பாட்டுக்கு முன்னால் போடும் எண்ணுக்கும் உள்ளே இருக்கும் எண்ணுக்கும் என்ன வேறுபாடு என்று அதற்குப் பிறகு விளக்கவே வேண்டியதில்லை.

இன்னொன்றும் கூடவே புரியும். பிணைப்பு உடைந்தால் ஆற்றல் வெளிவரும் என்று பெரிய வகுப்பு மாணவர்கள் பலரும் நம்புகிறார்கள். மாதிரியைப் பிரிக்கும்போது பலம் கொடுத்து இழுக்க வேண்டியிருக்கிறது. உடைப்பதற்கு ஆற்றல் செலவாகும், புதிய பிணைப்புகள் உருவாகும்போதுதான் வெளிவரும் என்ற பேச்சை அங்கிருந்தே தொடங்கிவிடலாம்.

வடிவத்துக்கு வருவோம். கரும்பலகையில் நீரையும் கார்பன் டை ஆக்சைடையும் ஒரே மாதிரி நேர்கோட்டில் எழுதிவிடுகிறோம். உண்மையில் நீர் மூலக்கூறு 104.5 டிகிரியில் வளைந்திருக்கிறது. கார்பன் டை ஆக்சைடுதான் நேர்கோடு. அந்த வளைவினால்தான் நீருக்கு ஒரு பக்கம் சற்றே எதிர்மின் தன்மையும் மறுபக்கம் நேர்மின் தன்மையும் வருகின்றன, உப்பு அதில் கரைகிறது. மாதிரிப் பெட்டி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரே அளவில் ஊதிய நான்கு பலூன்களின் முனைகளைச் சேர்த்துக் கட்டினால் அவை தாமாகவே நான்முகி வடிவத்துக்கு, அதாவது நான்கு முக்கோண முகங்கள் கொண்ட உருவத்தின் நான்கு முனைகளை நோக்கி, விலகி நிற்கும். மீத்தேனின் வடிவமும் அதுதான், கோணம் 109.5 டிகிரி.

இந்த நான்முகிக்கு ஒரு வரலாறு உண்டு. 1865இல் லண்டனில் ஹாப்மன் என்ற வேதியியலாளர் குரோக்கே விளையாட்டுப் பந்துகளைக் கொண்டு மூலக்கூறுகளைக் காட்டினார். கார்பனுக்குக் கறுப்பு, ஹைட்ரஜனுக்கு வெள்ளை, ஆக்சிஜனுக்குச் சிவப்பு என்று இன்றைய பெட்டிகளில் இருக்கும் நிறங்கள் அங்கிருந்து வந்தவை. ஆனால் அவருடைய மீத்தேன் தட்டையாக இருந்தது. கார்பனின் நான்கு பிணைப்புகளும் நான்முகியின் முனைகளை நோக்கி நிற்கின்றன என்று 1874இல் சொன்னவர் 22 வயது டச்சு வேதியியலாளர் வான்ட் ஹாப். லெ பெல் என்பவரும் அதே ஆண்டில் தனியாக இந்த முடிவுக்கு வந்தார். வான்ட் ஹாப் அட்டையில் நான்முகிகள் செய்து மற்ற வேதியியலாளர்களுக்கு அனுப்பினார். கோல்பே போன்ற மூத்தவர்கள் அவரைக் கடுமையாகத் தாக்கினார்கள். வேதியியலின் முதல் நோபல் பரிசு, வேறு ஆய்வுகளுக்காக, 1901இல் அவருக்கே கிடைத்தது. கையில் பிடித்துப் பார்ப்பது சின்னப் பிள்ளைகளின் வேலை என்று நினைப்பவர்கள் அந்த அட்டைத் துண்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

திரையின் அருமையும் எனக்குத் தெரியும். இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் போன்ற மிகப் பெரிய மூலக்கூறைப் பந்துகளால் கட்ட முடியாது. அணுக்கள் அதிர்வதையும் எலக்ட்ரான் முகில் எந்தப் பக்கம் அடர்ந்திருக்கிறது என்பதையும் பந்தும் குச்சியும் காட்டாது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் என்ற அறிவியல் சிமுலேஷன்களும், மூலக்கூறுகளைத் திருப்பிப் பார்க்க உதவும், உலாவியிலேயே திறக்கும் மோல்வியூ தளமும் இலவசமாகக் கிடைக்கின்றன, தாராளமாகப் பயன்படுத்தலாம். கையில் ஒரு மூலக்கூறைக் கட்டிய பிள்ளை அதையே திரையில் திருப்பிப் பார்க்கும்போது எதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்கும். குச்சி என்று ஒன்று உண்மையில் கிடையாது, அணுவுக்கு நிறமும் கிடையாது என்பதையும் அந்தச் சமயத்தில் சொல்லிவிட வேண்டும்.

பார்வையற்ற மாணவர்களையும் உங்கள் கட்டுரை மறந்துவிட்டது. திரை அவர்களுக்கு எதையும் காட்டாது. பந்துகளின் அளவையோ மேற்பரப்பையோ மாற்றிக் கொடுத்தால் எது எந்த அணு என்று தடவியே கண்டுகொள்வார்கள்.

தேர்வில் வாய்பாட்டை மட்டும் கேட்கும்வரை மாதிரிப் பெட்டிகள் அலமாரியிலேயே இருக்கும். ஒரு மூலக்கூறைக் கட்டிக் காட்டி, ஏன் அந்த வடிவம் என்று விளக்கச் சொல்வதற்கும் மதிப்பெண் வேண்டும். அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, இந்தத் தேர்வு முறையைப் பற்றியும் விரிவாக எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வேதியியல் ஆசிரியை