ஆண்டறிக்கை: வெள்ளாற்று மீன் பதிவேடும் பிறவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, வருகை தந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கு அறிக்கையின் நகல் வழக்கம்போல் வீட்டுக்கே வந்து சேரும்.

சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும் கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். தெருவிளக்குகளுக்காக மனு கொடுத்தோம். மறைந்த மூத்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம்.

இனி மீன் பதிவேடு. "மீன் எண்ணுவதற்கா சங்கம்?" என்று சென்ற பொதுக்குழுவில் ஒருவர் கேட்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் பரங்கிப்பேட்டையிலேயே இருக்கும்போது நமக்கு ஏன் இந்த வேலை என்றார் இன்னொருவர். நம் படித்துறைக்கு அன்றாடம் வரும் மீனை நாமே எழுதிவைத்தால் குறைந்தா போய்விடுவோம்?

பரங்கிப்பேட்டையருகே கடலில் சேரும் நம் வெள்ளாற்றில் ஓதம், அதாவது கடல் ஏற்றம், சுமார் 16 கிலோமீட்டர் உள்ளே ஏறுகிறது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு; கோடையில் முகத்துவாரத்தை ஒட்டி ஆறும் அந்த அளவை நெருங்கிவிடும். அப்போது கிழங்கான், காரப்பொடி போன்ற கடல் மீன்கள் உள்ளே வந்து மேய்கின்றன. வலையில் வகை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழையில் சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டி வெள்ளம் இறங்கினால் உப்பு மளமளவென்று சரிகிறது. கடல் மீன்கள் முகத்துவாரத்தை நோக்கி ஒதுங்க, கெண்டை, ஜிலேபி போன்ற நன்னீர் மீன்கள் அடித்து வரப்படுகின்றன. மடவையும் கீச்சானும் இரண்டு நீரையும் தாங்கும். ஆகவே கிடைத்த மீனை மட்டும் எழுதினால் அது சந்தைக் கணக்கு. அன்றைய உப்பு, நீரின் சூடு, கலங்கல் மூன்றையும் சேர்த்து எழுதினால்தான் அந்த மீன் ஏன் வந்தது என்று கேட்கவே முடியும்.

இதற்காகத்தான் உப்பு பார்க்கும் கைக்கருவி வாங்கினோம். கண்ணாடிமேல் இரண்டு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பிடித்தால், உள்ளே நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோட்டில் அளவு தெரியும். பள்ளிப் பிள்ளைகள் உடனே கற்றுக்கொண்டார்கள். யார் எந்த நாள் அளப்பது என்ற முறைப் பட்டியலில் கையெழுத்திட்ட பெரியவர்களோ ஆடி வரைதான் வந்தார்கள். ஐப்பசி, கார்த்திகைப் பக்கங்கள் பெரும்பாலும் காலி. மழையாம்! ஆறு மாறுவதே அந்த மழையில்தான். வந்த ஒருவரும் மேல்நீரை மொண்டு பார்த்து "நன்னீர்" என்று எழுதிவிட்டுப் போனார். வெள்ளம் சற்றுத் தணிந்ததும் எடை குறைந்த நன்னீர் மேலே ஓட, கடல்நீர் அடியில் புகுந்து ஏறும். அடிநீர் எடுக்கத்தான் கயிறு கட்டிய பாட்டில் வைத்திருந்தோம். அந்தக் கயிறு நனையவே இல்லை.

தை மாதத்தில் ஒரு வலையில் விரல் நீளக் கொடுவாக் குஞ்சு வந்தது. உடலெங்கும் பழுப்புத் திட்டுகள். தலைமேல் மூக்கு வரை ஒரு வெள்ளைக் கோடு. கொடுவா முகத்துவாரத்தருகே உப்புநீரில் முட்டையிடும். குஞ்சுகள் உள்ளே வந்து, பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காடுகளில் வேர்களுக்கிடையே ஒதுங்கி வளரும். முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் அந்த வழி அடைபடும். இத்தனை அருமையான பதிவு. ஆனால் முறைக்காரர் வராததால் அந்தப் பக்கத்தில் மீன் இருக்கிறது, உப்பு இல்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கருவியால் சங்கம் கடனாளியானது என்பது வதந்தி. ஆண்டுவிழாப் பந்தலுக்கு அதைவிட அதிகம் செலவானது. கையிருப்பு திருப்திகரம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். சந்தா பாக்கி வரட்டும். பாக்கி வைத்திருப்போரின் பெயர்களை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டாம் என்று செயற்குழு பெரும்பான்மையாக முடிவெடுத்தது. நான் அந்தப் பெரும்பான்மையில் இல்லை.

மீன்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டிய மீனவச் சகோதரர்களுக்கும், கூட்டத்துக்கு இடம் தந்தவர்களுக்கும், தேநீர் உபயதாரருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளர் பொறுப்புக்கு வேறொருவர் வந்தால் நல்லது என்று சிலர் பேசிக்கொள்வதாக அறிகிறேன். முன்வருபவரிடம் பதிவேட்டையும் கருவியையும் இன்றே ஒப்படைக்கத் தயார்; ஐப்பசி அடைமழையில் விடியற்காலை படித்துறையில் நிற்கக் குடையும் தருகிறேன். யாரும் வராவிட்டால், புதிய முறைப் பட்டியல் மேசைமேல் இருக்கிறது. தேநீருக்கு முன் கையெழுத்திட வேண்டுகிறேன். சந்தா ரசீதுப் புத்தகமும் பக்கத்திலேயே இருக்கிறது.

இவண்,
செயலாளர்