பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல்: தொல்லியல் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம்.

கரூரில் அமராவதிக் கரையோரம் குடியிருந்துகொண்டு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பழங்காசு சேகரித்து வருபவன் நான். அண்மைக் காலமாக எங்களைப் போன்றோர் சிலரின் கையில் மெட்டல் டிடெக்டரும் வந்து சேர்ந்திருக்கிறது. அக்கருவியை அடியோடு தடை செய்ய வேண்டும் என்று ஆய்வாளர்களில் சிலரும், யார் நிலத்தில் எதை எடுத்தாலும் கேட்கக் கூடாது என்று எங்கள் வட்டாரத்தில் சிலரும் பேசுகிறார்கள். இரண்டுமே எனக்கு உடன்பாடில்லை. காசைக் கண்டெடுத்தவர் அச்சமின்றி வந்து இடத்தைச் சொல்லவும், சொன்னதை ஒருவர் முறையாகக் குறித்துக்கொள்ளவும் மாவட்டத்துக்கு ஒரு மேசை வேண்டும் என்பதே என் கோரிக்கை.

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே மணல் சலித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், சல்லடையில் தங்கிய கூழாங்கற்களுக்கு நடுவிலிருந்து கட்டைவிரல் நகமளவு சதுரத் துண்டு ஒன்றை எடுத்து, "சார், இது உங்க சரக்குதானே?" என்று கேட்டார். பச்சைக் களிம்பு ஏறிய செப்புக்காசு. ஒரு முகத்தில் யானை, மறுமுகத்தில் வில்லும் அம்பும். சங்ககாலச் சேரர் காசு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் லாரி ஓட்டுநரைக் கேட்டபோது "ஆத்து மணலுங்க" என்பதற்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. ஆற்றின் எந்தத் துறையில், எந்த ஆழத்தில், வேறு எந்தக் காசுகளோடு கிடந்தது என்பதெல்லாம் மணல் அள்ளிய அன்றே போய்விட்டது.

இந்த ஊரில் இது புதிய கதையல்ல. 'மாக்கோதை', 'கொல்லிப்பொறை' என்று பழந்தமிழ் எழுத்தான தமிழ்ப் பிராமியில் பெயர் பொறித்த சேரர் காசுகளைத் தந்தது கரூர்தான். பாண்டியரின் 'பெருவழுதி' பெயர் பொறித்த காசும் அகழாய்வுக் குழியிலிருந்து வந்ததன்று, நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் விலைக்கு வாங்கிய பழங்காசுகளுக்கிடையே படித்தறியப்பட்டது. நம் சங்ககால நாணயவியலில் பெரும்பகுதி, ஆற்றில் அரித்தெடுத்தவரிடமிருந்து வணிகருக்கும் வணிகரிடமிருந்து சேகரிப்பாளருக்கும் கைமாறி வந்த காசுகளின் மேல்தான் நிற்கிறது. பெயர் கிடைத்தது, கிடைத்த இடம் கைநழுவியது.

மொத்தமாகக் கிடைத்துப் பதிவானால் என்ன தெரியவரும் என்பதற்குப் புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் வெளிப்பட்ட ரோமானியப் பொற்காசுக் குவியலே போதும். 501 காசுகள். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேல் உளியால் குறுக்கே வெட்டியிருக்கிறார்கள். ஒற்றைக் காசு கடைத்தெருவுக்கு வந்திருந்தால் சேதமான காசு என்று விலையைக் குறைத்திருப்பார்கள். குவியலாகப் பார்த்ததால்தான் யாரோ வேண்டுமென்றே செய்த காரியம் என்பது புலப்பட்டது.

இனி, சட்டத்துக்கு வருகிறேன். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம், மண்ணுள் மறைந்து கிடக்கும் மதிப்புள்ள எப்பொருளையும் புதையல் என்கிறது. மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தவறினால் ஓராண்டு வரை சிறை என்கிறது. 1878இல் பத்து ரூபாய் ஒரு தொகை. இன்று ராஜராஜன் பெயர் பொறித்த, தேய்ந்துபோன செப்புக்காசு ஒன்று வயலில் உழும்போது கிடைத்தால்கூட அந்த வரம்பைத் தாண்டிவிடும். சரி, தெரிவித்தவருக்கு என்ன கிடைக்கும்? அரசு அப்பொருளை எடுத்துக்கொள்ள விரும்பினால் உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் கொடுத்தால் போதும். நான்கு கிராம் செம்புக்கு அந்தக் கணக்கில் ஒரு டீக்குக்கூடத் தேறாது. சொன்னால் அலைச்சல், சொல்லாவிட்டால் சிறை என்ற நிலையில், கண்டெடுத்தவர் மூன்றாவதாக ஒரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்: புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து, கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார். களிம்போடு சேர்ந்து எழுத்தும் போய்விடுகிறது.

மணலில் கிடைத்த அந்தச் சேரர் செப்புக்காசை ஒப்படைக்க நானே முயன்றேன். ஓர் அலுவலகத்தில் வேறோர் அலுவலகத்தைக் கைகாட்டினார்கள். அங்கே இருந்தவர், நல்ல மனத்தோடுதான், "எதுக்கு சார் வம்பு? போலீஸ், விசாரணைன்னு போகும். பேசாம வீட்டுல வச்சுக்குங்க" என்றார்.

இங்கிலாந்தில் 1992இல் நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். சஃபோக் பகுதியில் ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடி, ஓய்வுபெற்ற தோட்டக்காரரான அவருடைய நண்பர் மெட்டல் டிடெக்டரோடு வயலில் இறங்கினார். கிடைத்தது ரோமானியர் காலப் பொன்னும் வெள்ளியும். சிறிது எடுத்ததும் தோண்டுவதை நிறுத்திவிட்டுச் செய்தி சொல்லி அனுப்பினார். மறுநாளே தொல்லியலாளர்கள் வந்து முறைப்படி அகழ்ந்தார்கள். பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட காசுகளோடு, அவற்றை அடுக்கிவைத்திருந்த மரப்பெட்டியின் அமைப்பும் தெரியவந்தது. அந்தச் சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. 1997இல் அங்கே தொடங்கிய பதிவுத் திட்டத்தில், புதையல் என்ற வரையறைக்குள் வராத சாதாரணக் காசையும் பித்தானையும்கூட மக்கள் தாமாகக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். பதிவானவை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன. இரவில் திருட்டுத்தனமாகத் தோண்டுகிறவர்கள் அங்கும் ஒழிந்துவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் தரப்புக் குறையையும் மறைக்க விரும்பவில்லை. கருவி ஒலித்த இடத்தில் பத்து முறை தோண்டினால் எட்டு முறை பாட்டில் மூடியோ ஆணியோதான் வரும். அந்த எரிச்சலில் கைக்கொத்தை வைத்துவிட்டு மண்வெட்டியை எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு சாண் ஆழம் வரை உள்ளது ஏர் ஏற்கெனவே புரட்டிய மண். அதற்குக் கீழே கலையாத மண்ணடுக்கு இருந்தால், அதை வெட்டுவது ஏட்டுச்சுவடியைக் கிழிப்பதற்குச் சமம். பாதுகாக்கப்பட்ட இடங்களிலும் பழைய வாழ்விட மேடுகளிலும் கருவியோடு நுழைவோர் மீது வழக்குத் தொடருங்கள். எங்களில் ஒருவரும் பரிந்துபேச மாட்டோம்.

புதையல் சட்டத்தைத் திருத்தக் காலம் பிடிக்கும். மேசை போட அவ்வளவு காலம் வேண்டியதில்லை. மாவட்ட அருங்காட்சியகங்களில் மாதம் இருமுறை காசு படிக்கத் தெரிந்த ஒருவர் உட்காரட்டும். எடை, அளவு, இருபுறப் படம், சர்வே எண் அல்லது ஆற்றுத்துறையின் பெயர், கண்டெடுத்த நாள் ஆகியவற்றை எழுதிக்கொண்டு, ரசீது கொடுத்து, ஆட்சியருக்கான தகவலையும் அங்கிருந்தே அனுப்பட்டும். தாமாக வந்து காட்டியவர் மீது வழக்கு இல்லை என்று ஓர் அரசாணை வரட்டும். சரியான இடத்தைத் துறை பொதுவெளியில் வெளியிட வேண்டாம். வெளியிட்டால் மறுநாளே அங்கு குழிதான் இருக்கும்.

அந்தச் செப்புக்காசு என் மேசை இழுப்பறையில் ஒரு காகித உறையில் இருக்கிறது. கழுவவில்லை, தேய்க்கவில்லை. உறையின் மேல் தேதியும், தெருப் பெயரும், சலித்தெடுத்த அம்மாவின் பெயரும், 'ஆற்று மணல், துறை தெரியாது' என்ற குறிப்பும் உள்ளன. எங்கே, எந்த நாளில் கொண்டுவர வேண்டும் என்று தெரிவித்தால் அவரையும் அழைத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
கரூரிலிருந்து ஒரு காசு சேகரிப்பாளர்