மின்தூக்கி அல்ல ஐயா, எலிவேற்றர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற மாத இதழ் இந்த மாதம் 12ஆம் திகதிதான் என் கைக்கு வந்தது. அது வழக்கம்தான், அதை முறையிட இதை எழுதவில்லை. வன்கூவர் பயணக் கட்டுரையில், கனடாவின் நடுவே வின்னிபெக்கைத் தாண்டினால் கல்கரி வரை பார்க்க ஒன்றுமில்லை, சாரதியைத் தவிர மற்றவர்கள் நித்திரை கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறார் உங்கள் கட்டுரையாளர். 1,300 கிலோமீற்றருக்கு மேல் நீளமான அந்த 'ஒன்றுமில்லை'யில்தான் நான் இருபத்தாறு வருடமாகக் குடியிருக்கிறேன்.

கூடவே ஒரு படம். வயல் நடுவே ஒற்றை மரக் கட்டடம். கீழே 'கைவிடப்பட்ட தானிய மின்தூக்கி' என்று போட்டிருக்கிறீர்கள். கோதுமை ஏழாம் மாடியில் வீடு வாங்கியிருக்கிறதா, மின்தூக்கியில் ஏறிப் போக? தாங்கள் அறியாததல்ல, தங்கள் உதவி ஆசிரியருக்காகச் சொல்கிறேன். அது ரயில் வரும்வரை தானியத்தைச் சேர்த்துவைக்கும் களஞ்சியம். லொறி கோதுமையைக் குழியில் கொட்டும். பட்டியில் கோத்த வாளிகள் அதை அள்ளி உச்சிக்குக் கொண்டுபோகும். அங்கிருந்து அறை அறையாகப் பிரித்து விழுத்துவார்கள். ரயில் வந்ததும் குழாயைத் திறந்தால் தன் பாரத்தில் தானே பெட்டிக்குள் இறங்கும். எலிவேற்றர் என்றால் இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும்.

குதிரை வண்டியில் தானியம் கொண்டுபோனவன் பொழுதுபடமுன் வீடு திரும்ப வேண்டும். அதனால் ரயில் பாதையோரம் எட்டுப் பத்து மைலுக்கு ஒன்றாகக் கட்டினார்கள், அதைச் சுற்றித்தான் ஊரே வந்தது. 1933இல் மனிற்றோபா, சஸ்காச்சுவான், அல்பேர்ட்டா என்ற மூன்று மாகாணங்களிலுமாக 5,700க்கு மேல் நின்றன. சுவரில் ஊர்ப் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். நான் பருத்தித்துறையான். வெளிச்சவீட்டைக் கண்டால் கரை வந்துவிட்டது என்று கடலுக்குப் போனவர்கள் சொல்வார்கள். பனிப்புயல் அடங்கின கையோடு, பெற்றோல் முள் அடியில் கிடக்க, தூரத்தில் எலிவேற்றரைக் கண்டு எனக்கும் உயிர் வந்திருக்கிறது.

உங்கள் கட்டுரையாளர் முதலாம் இலக்க நெடுஞ்சாலையில் மனிற்றோபா எல்லையைத் தாண்டியதும் ஃபிளெமிங் என்ற சின்ன ஊரைக் கடந்திருப்பார். நித்திரையாக இருந்திருப்பார். அங்கே 1895இல் கட்டிய எலிவேற்றர், கட்டிய இடத்திலேயே நின்றவற்றுள் கனடாவில் மிகப் பழையது, 2010 பெப்ரவரியில் எரிந்துபோனது. வைத்த தீ. அப்போதே அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி, படமும் வைத்துத் தங்களுக்கு அனுப்பினேன். பதிலே இல்லை. அந்த மாத இதழில் ஒரு நகைக்கடைத் திறப்புவிழாவுக்கு நாலு பக்கம். விளம்பரம் என்று போட்டிருந்தாலும் பரவாயில்லை, 'சிறப்புக் கட்டுரை'யாம்.

இப்போதும் மூஸ் ஜோ என்ற ஊரில், மூஸ் என்கிற பெரிய மானின் சீமெந்துச் சிலையோடு எடுத்த படத்துக்கு அரைப் பக்கம். 1984இல் செய்தது அது. நோர்வேக்காரர் அதைவிட உயரமாக ஒன்று வைத்துவிட்டார்கள் என்று 2019இல் கொம்பை மாற்றிப் பெரிதாக்கினார்கள். மூஸில் எனக்குக் கோபமில்லை.

எங்கள் ஊரில் நாலு எலிவேற்றர் இருந்தன. 1995இல் ஒட்டாவா அரசு தானிய ரயில் மானியத்தை நிறுத்தியது. கிளைப் பாதைகள் மூடின, எங்கேயோ தூரத்தில் பெரிய கொங்கிறீற் எலிவேற்றர் எழும்பியது. எங்கள் கடைசி ஒன்றை இடித்த அன்று மொட்டல் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போய் நின்றேன். பலகைகளைப் படுக்கையாக ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி ஆணி அறைந்த சுவர், லேசில் உடையாது. இயந்திரம் ஒரு பக்கத்து அடியைக் கடித்துக் கடித்து எடுக்க, முழுதாகவே சரிந்தது. புறாக்கள் முதலே கிளம்பிவிட்டன. மடக்குக் கதிரை கொண்டுவந்து இருந்த கிழவர்கள் ஒருவரும் கதைக்கவில்லை. நான் ஒரு பலகைத் துண்டு எடுத்துவந்தேன். கோதுமை உரசி உரசி மென்மையான பாகம் தேய்ந்து, வைரமான வரிகள் மட்டும் எழும்பி நிற்கின்றன. சாமி அறையில் வைத்திருக்கிறேன். மனைவி ஒன்றும் சொல்வதில்லை.

கலியாண வீட்டுக்கு ரொறொன்ரோ வந்தால், "அண்ணை இன்னும் அங்கேயோ? அங்கே என்ன இருக்கு?" என்பார்கள். சொந்தச் சனம், சிரித்துவிட்டு இருந்துவிடுவேன். தமிழ்ப் பத்திரிகையும் அதையே அச்சடித்துத் தபாலில் அனுப்பினால், அதற்கு நான் சந்தாவும் கட்டினால் என்ன செய்வது?

மனிற்றோபாவில் இங்லிஸ் என்ற ஊரில் ஐந்தை வரிசையாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், தேசிய வரலாற்றுத் தலம். நெடுஞ்சாலையை விட்டுத் திரும்ப வேண்டும் என்பதால் உங்கள் கட்டுரையாளரை வற்புறுத்தமாட்டேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த இதழில் ஒரு மூலையிலாவது, அது மின்தூக்கி அல்ல, எலிவேற்றர் என்று ஒரு வரி போடுங்கள். இடிக்க முதல் நாள் நான் எடுத்த படத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். பிரசுரித்தாலும் விட்டாலும் அதைத் திருப்பி அனுப்பவும், முத்திரை ஒட்டிய உறை உள்ளே இருக்கிறது. 2010இல் அனுப்பிய படம் இன்னும் வந்து சேரவில்லை.

இங்ஙனம்,
தங்கள் நீண்டகாலச் சந்தாதாரர்,
தெற்கு சஸ்காச்சுவான்